நான் அழிக்காமல் விட்ட கோப்பு

கம்ப்யூட்டரிலிருந்து ஒரு புரோகிராமை எடுத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்பிவிடுவதில்லை. திரையில் இருந்த படம் போயிருக்கும், ஃபோல்டர் போயிருக்கும். அதோடு வேலை முடிந்துவிட்டது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தவன்தான். இந்த அவநம்பிக்கை எந்தப் புத்தகத்தைப் படித்தும் வந்ததில்லை. திருமழிசையில் ஒரு ரப்பர் கம்பெனியில், ஒரு பெண்மணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். மண்ணூர்பேட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தைப் பிடித்து, கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று போர்டு மாட்டியிருந்தேன். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருந்த சின்னச் சின்ன கம்பெனிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் வாங்கத் தொடங்கியிருந்தன. வாங்கினார்களே தவிர, அதைத் தொட எல்லோருக்கும் பயம். தனி அறை கட்டி, கண்ணாடிக் கதவு போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். முதலாளியே வெறுங்காலோடு நிற்பார். நான் மட்டும் ஷூவோடு விறுவிறுவென்று உள்ளே போவேன். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இருபத்தைந்து வயதில் அந்த மரியாதை தலைக்கு ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

திருமழிசை கம்பெனியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோதும் அதே மிதப்பில்தான் கிளம்பினேன். வானகரம் வழியாக வேலப்பன்சாவடி வந்து, பூந்தமல்லியைத் தாண்டி, லாரிகளுக்கு நடுவே மொபெட்டை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் சட்டை நிறம் மாறிவிட்டது. மேனேஜர் விஷயத்தை நின்றபடியே சொன்னார். சின்ன வேலைதான், ஒரு பேரை மாற்றணும் என்றார்.

அங்கே வண்டிகளில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் சீல்களைச் செய்தார்கள். அனுப்பும் ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு டெஸ்ட் சர்டிபிகேட் போக வேண்டும். ரப்பர் எவ்வளவு கெட்டி, எவ்வளவு நீளம் இழுத்தால் அறும் என்பதையெல்லாம் அளந்து கம்ப்யூட்டரில் அடித்தால், அது சர்டிபிகேட்டை அச்சடித்துக் கொடுக்கும். அடியில், பரிசோதித்தவர் என்ற இடத்தில் ஒரு பெயர் தானாகவே வந்து விழும். அந்தப் பெயருக்கு உரியவர் செத்துப்போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறே நாளில் முடிந்துவிட்டதாம். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதை முதலில் தொட்டவர் அவர்தான். அந்தப் புரோகிராமை ஏற்றும்போது அது பெயர் கேட்டிருக்கிறது. தன் பெயரை அடித்திருக்கிறார். ஒரு தடவை வாங்கிக்கொண்ட பெயரை அது மாற்றவே மாற்றாது. திருட்டுத்தனமாக இன்னொருவருக்குக் கொடுத்துவிடக் கூடாதென்று புரோகிராமை எழுதியவன் அப்படி வைத்துவிட்டான். எழுதியவன் வெளிநாடு போய்விட்டான், போன் நம்பர் கிடையாது.

அந்த நாற்காலியில் இப்போது அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். வந்தவாசிப் பக்கம் பிறந்தவர், பிளஸ் டூ, டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவர். இரண்டு பிள்ளைகள். முதலாளி இரக்கப்பட்டு ஒரு வருடத்துக்கு டெம்பரரியாக வேலை கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்பது பேச்சு. இரண்டே மாதத்தில் அந்த அம்மாள் அளவெடுக்கிற கருவி, கம்ப்யூட்டர் இரண்டையும் கற்றுக்கொண்டுவிட்டதாக மேனேஜரே சொன்னார். பெயர் மட்டும் மாறவில்லை. அதனால் ஒவ்வொரு சர்டிபிகேட்டும் வெளியே வந்ததும், ஸ்கேலை வைத்து, அச்சில் இருந்த பெயரின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தன் பெயரைப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். நான் உள்ளே போனபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கோடு துளிகூடக் கோணாமல் இருந்தது.

போன வாரம் வரை இப்படியே ஓடியிருக்கிறது. சீல் வாங்குகிற கம்பெனியிலிருந்து தரம் பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்திருக்கிறார். இளைஞர், பட்டணத்துப் பையன், எல்லாவற்றுக்கும் ஆங்கிலம். ஒரு சர்டிபிகேட்டைத் தூக்கி, கோடு போட்ட பெயரின் மேல் விரலை வைத்து, இது யார் என்று இந்த அம்மாளைக் கேட்டிருக்கிறார். புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லி வழக்கமில்லாதவர். என் வீட்டுக்காரர் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அதுவும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டார். அதிகாரி மூன்று தடவை கேட்டிருக்கிறார், மூன்று தடவையும் பதில் இல்லை. எதையோ மறைக்கிறார்கள் என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டார். பிறகு மேனேஜர் ஓடிவந்து விளக்கம் சொல்லியும் அவர் இறங்கி வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன், யார் பரிசோதிக்கிறார்களோ அவர்கள் பெயர் அச்சில் இருக்க வேண்டும், அடித்துத் திருத்தியது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"பேர் மாறலைன்னா நான் என்னப்பா செய்யறது? வேற ஆளப் போட்டுக் கையால எழுத வைக்கணும். இந்தம்மாவ பேக்கிங்குக்கு அனுப்பிடுவேன்" என்றார் மேனேஜர், அந்த அம்மாள் காதில் விழும்படியே. பேக்கிங்கில் இருப்பவர்கள் யாரும் நிரந்தரம் ஆனதில்லை. வருடம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். அதை எனக்கு யாரும் தனியாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

பத்து நிமிஷ வேலை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்இன்ஸ்டால் கொடுத்தேன். போய்விட்டது. புரோகிராம் இருந்த பிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு மறுபடி ஏற்றினேன். இப்போது பெயர் கேட்கும், அடியுங்கள் மேடம் என்று எழுந்து இடம் விட்டேன். அது பெயர் கேட்கவில்லை. நேராகத் திறந்தது. திரையின் நடுவில் வரவேற்பு, அதற்கு அடியில் பழைய பெயர், முழுசாக, இனிஷியலோடு.

அந்த அம்மாள் நாற்காலியில் உட்காரப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஷூவைக் கழற்றிவிட்டு வந்திருக்கலாமே என்று தோன்றியது. இரண்டு நாளில் வருகிறேன் என்று முனகிவிட்டு வந்துவிட்டேன்.

வீடு காலி செய்கிறவர்கள் சாமானையெல்லாம் ஏற்றிக்கொண்டு போன பிறகும் ரேஷன் கார்டில் அந்த முகவரியே இருக்கும். வாக்காளர் பட்டியலில் இருக்கும், தபால்காரர் மனதிலும் இருக்கும். புரோகிராமும் அப்படித்தான். தன் ஃபோல்டரை எடுத்துக்கொண்டு போனாலும், ரெஜிஸ்ட்ரி என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பெரிய பதிவேட்டில் தன் விவரத்தை விட்டுவிட்டுப் போகும். சிஸ்டம் ஃபோல்டரில், நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே, சம்பந்தமே இல்லாத பெயரில் ஒரு சின்னக் கோப்பையும் ஒளித்து வைத்திருக்கும். மறுபடி ஏற்றினால் முதலில் பதிவேட்டில் தன் விவரத்தைத் தேடும். இருந்தால், ஓ, பழைய இடம்தான் என்று உட்கார்ந்துகொள்ளும். என் கடையில் இருந்த கம்ப்யூட்டரில், கையோடு வாங்கி வந்திருந்த அதே பிளாப்பிகளைப் போட்டு, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் கோப்புப் பட்டியலை அச்சடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தேன். ஒன்றரை நாள் ஆயிற்று. கண்டுபிடித்ததும் எனக்கு வந்த கர்வத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

புதன்கிழமை போனேன். அந்த அம்மாள் வருவதற்கு முன்பே புரோகிராமை எடுத்து, ரெஜிஸ்ட்ரியில் அதன் பகுதியையும் அழித்துவிட்டேன். சிஸ்டம் ஃபோல்டரில் அந்தச் சின்னக் கோப்பையும் பார்த்துவிட்டேன். உள்ளே திறந்தால் பெயர் பெயராக இல்லை, வெறும் கிறுக்கலாக இருந்தது. அழிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது மோல்டிங் பிரஸ் ஓட்டுகிறவர் வந்து டீ சாப்பிடக் கூப்பிட்டார். இறந்துபோனவரோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவர் அவர். அன்று கன்னத்தில் போட்டுக்கொண்டவரும் அவர்தான்.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் இரண்டு வாய் குடித்தார். பிறகு சொன்னார்:

"இன்னா நைனா, அண்ணாத்தே பேர அழிச்சிடப் போறியா?"

"ஆமாண்ணே. அழிச்சாத்தானே அவங்க பேரு வரும்?"

"வரட்டும், வேணான்னு சொல்லல. அண்ணி நல்லா இருக்கணும். ஆனா மொத்தமா தொடச்சிடாத. எங்கனா ஒரு ஓரத்துல, யாருக்கும் தெரியாத மாதிரி கெடக்கட்டும். அந்தப் பொட்டிய லாரிலேந்து எறக்கி, நானும் அவருந்தான் தூக்கினு வந்தோம். அந்த மனுசன் பேரு இந்தக் கம்பெனில வேற எங்க கீது, நீயே சொல்லு."

அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. இளகின மனசுக்காரன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு உண்டு. சரிண்ணே என்றேன். உள்ளே வந்து அந்தச் சின்னக் கோப்பை அழிக்காமல் விட்டேன். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்தாயிற்று, இது ஒன்று கிடந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். உள்ளே கிறுக்கலாகத்தானே இருக்கிறது, யார் கண்ணில் படப்போகிறது? செத்தவருக்கு நான் ஏதோ பெரிய மரியாதை செய்துவிட்ட மாதிரி இருந்தது.

ஏற்றி முடித்ததும் இந்தத் தடவை பெயர் கேட்டது. அந்த அம்மாள் வந்து தன் பெயரை அடித்தார். ஒரு சர்டிபிகேட் அச்சடித்துப் பார்த்தோம். புதுப் பெயர், பளிச்சென்று. சுற்றி நின்ற எல்லோரும் கை தட்டினார்கள். அங்கே எல்லோரும் அந்த அம்மாளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அன்றைக்கு, "அண்ணி, இனிமே உங்களுக்குக் கவலையில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். மேடத்திலிருந்து அண்ணிக்கு எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை காலை கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி பூத்திலிருந்து ஆள் வந்து, உங்களுக்குப் போன் என்றான். அந்த அம்மாள்தான்.

"தம்பி, நேத்து எதாவது விட்டுட்டீங்களா?"

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுப் புரோகிராமைத் திறந்தபோது பழைய பெயர் வந்து நின்றிருக்கிறது. நான் பார்த்தது ஏற்றி முடித்த கையோடு ஒரு தடவை. மூடித் திறந்து பார்க்கவில்லை. திறக்கும்போதெல்லாம் அது அந்தச் சின்னக் கோப்பைத்தான் முதலில் படிக்கும் என்பது எனக்குப் புரியாமல் போயிற்று. விடிந்தால் வெள்ளிக்கிழமை, அதிகாரி வருகிற நாள்.

மொபெட்டை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் வழக்கம்போல ஸ்கேலும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். நான் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வைரஸ் என்று சொன்னால் அந்தக் காலத்தில் எல்லோரும் நம்புவார்கள். ஆனால் அந்தக் கோடுகளைப் பார்த்ததும் பொய் வரவில்லை. ஒரு கோப்பை வேண்டுமென்றே விட்டுவைத்தேன், அவர் பெயர் ஒரு ஓரத்தில் இருக்கட்டுமே என்று விட்டேன் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார் என்று சொல்லி மோல்டிங்காரரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

"யாரக் கேட்டு விட்டீங்க?"

கோடு போட்ட சர்டிபிகேட்டுகளை என் பக்கம் நகர்த்தினார்.

"எல்லாரும் வர்றீங்க, அந்தப் பேரப் பாத்து கும்புட்டுட்டுப் போறீங்க. உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். நான் உக்காந்து அதும்மேல கோடு போடறேன். ஒரு நாளைக்கு நாப்பது வாட்டி. அவரு இல்ல, அவரு இல்லன்னு நாப்பது வாட்டி எங்கையாலயே எழுதற மாதிரி இருக்குது தம்பி. சாயங்காலம் ஊட்டுக்குப் போயி புள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியல. பேக்கிங்குக்குப் போனா வருசத்தோட அனுப்பிடுவாங்க, அப்புறம் நான் அதுங்கள வச்சிக்கினு எங்க போறது?"

குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஐந்து மாதமாக அந்தக் கம்பெனியில் எல்லோரும் இவருக்காக இரக்கப்பட்டிருக்கிறோம், ஒருவர்கூட இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேனேஜர், மோல்டிங்காரர், நான், எல்லோரும்தான். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது.

"மன்னிச்சிடுங்க" என்றேன். "இப்பவே அழிச்சிடறேன்."

"நீங்க அழிக்க வேணாம். எப்டின்னு சொல்லுங்க, நான் பண்றேன்."

பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சிஸ்டம் ஃபோல்டரில் அந்தச் சின்னக் கோப்பைக் காட்டினேன். டெலீட் பட்டனை அழுத்தினார். உண்மையாகவே அழிக்கவா என்று திரை கேட்டது. ஆமாம் என்று கொடுத்தார். பிறகு புரோகிராமை எடுக்க வைத்து, ரெஜிஸ்ட்ரியைத் திறந்து அதன் பகுதியையும் அவரையே அழிக்கச் சொன்னேன். இந்தத் தடவை புரோகிராமின் பகுதியை மட்டும் பார்த்தால் போதாது, பெயரையே கொடுத்து முழுக்கத் தேட வேண்டும், அது எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ தெரியாது என்றேன். தேடுவதற்கான கட்டம் வந்தது. பெயரை அடிக்க வேண்டும்.

அவர் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்த விரல்கள், கீழே பார்க்காமல் அடிக்கிறவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோல்டிங்காரர் வந்து நின்றதை நான் பார்த்தேன், அந்த அம்மாளும் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் முழுசாக, கூப்பிடுகிற மாதிரி. சொல்லிவிட்டு அடித்தார்.

முதலில் அது கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் என்ற இடத்தில் கிடைத்தது. அந்தப் பெட்டிக்கே புருஷன் தன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் அதை அழித்தார். அடுத்தது தேடினார். பிரின்டருக்கு வைத்த பெயரில் இருந்தது. அழித்தார். அடுத்தது, அடுத்தது. ஒவ்வொரு தடவையும் தேடுகிற சின்ன இடைவெளியில் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு கட்டத்தில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அதைத் துடைக்கவும் இல்லை, வேலையை நிறுத்தவும் இல்லை. கடைசியில், தேடி முடிந்துவிட்டது என்று திரை சொன்னது.

"வேற எங்கயும் இல்லியே?"

"இல்லைங்க."

"நல்லாத் தெரியுமா?"

கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, இன்னொரு தடவை தேடச் சொன்னேன். எதுவும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பிளாப்பிகளைப் போட்டு மறுபடி ஏற்றத் தொடங்கினோம்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார், சர்டிபிகேட்டைப் பார்த்தார், போனார். அந்த வருடம் முடிந்ததும் அந்த அம்மாளை நிரந்தரமாக்கினார்கள். பிறகும் பல தடவை அங்கே சர்வீஸுக்குப் போயிருக்கிறேன், ஷூவை வாசலில் கழற்றிவிட்டு. இன்றுவரை எந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் புரோகிராமை எடுத்தாலும், எதை அழிக்கலாம், எதை விடலாம் என்று அதில் வேலை செய்கிறவரைக் கேட்காமல் நான் கை வைப்பதில்லை.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்த வியாழக்கிழமைதான். கடைசி பிளாப்பியும் முடிந்து, பெயர் கேட்கிற கட்டம் வெறுமையாக வந்து நின்றது. அந்த அம்மாள் முதலில் ஒரே ஒரு எழுத்தை அடித்தார், பிறகு ஒரு புள்ளி. அடித்த எழுத்து அவர் அப்பாவின் இனிஷியல் இல்லை. சற்று முன்பு அத்தனை இடத்திலும் தேடித் தேடி அழித்த பெயரின் முதல் எழுத்து. நேற்றும் அதைத்தான் அடித்திருக்க வேண்டும், நான் கவனிக்கவில்லை. இன்று கவனித்தேன், என்னையும் அறியாமல் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இது இருக்கட்டும் தம்பி" என்றார். "இது நானா வச்சிக்கறது."

பிறகு, கீழே பார்க்காமல், தன் பெயரை அடித்தார்.